24 கேஜ் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

ஸ்டோர்ஸ்_பதிவேடு எழுதியது:

கொள்முதல் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை. ஒரே பட்டியலில் "24 கேஜ் ஜி.ஐ. ஷீட்", "24 கேஜ் எனாமல் காப்பர்", "24 கேஜ் சென்சார் கேபிள்", முதலுதவி அறைக்கு "24ஜி ஊசி" என்று நான்கு வரிகள். கேஜ் எண்ணை அடித்தால் பக்கத்துக் கட்டத்தில் மி.மீ. தானாக வர வேண்டும் என்கிறார்கள். இதற்கு ஒரே மாற்று அட்டவணை போதுமா? எண் கூடினால் மெலிசு என்பது எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

காயில்கம்பி எழுதியது:

போதாது சார். உங்கள் நான்கு வரிக்கும் நான்கு அட்டவணை வேண்டும்.

நம் ஊரில் காப்பர் கம்பிக்கு 24 கேஜ் என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் கம்பி அளவு), அதாவது 0.559 மி.மீ. சென்சார் கேபிள் பெரும்பாலும் இறக்குமதி. அது அமெரிக்கக் கம்பி அளவான ஏ.டபிள்யூ.ஜி., 0.511 மி.மீ. ஊசிக்குப் பழைய பர்மிங்ஹாம் கம்பி அட்டவணையிலிருந்து வந்த எண், வெளிவிட்டம் சுமார் 0.57. ஷீட் கதை தனி, அதைத் தகடு வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எண் கூடினால் மெலிசாவது கம்பி இழுக்கும் முறையால் வந்தது. தடித்த கம்பியை அச்சுத் துளைகள் வழியே ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெலிதாக்குவார்கள். எத்தனையாவது துளையோ அதுதான் எண். பட்டறைக்குப் பட்டறை துளை வரிசை மாறியதால் அட்டவணைகளும் பெருகின. பிரிட்டனில் 1884 மார்ச் 1 முதல் எஸ்.டபிள்யூ.ஜி. சட்டப்பூர்வ அளவானது. அதில் படிக்குப் படி ஒரே விகிதம் கிடையாது, அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும். ஏ.டபிள்யூ.ஜி. அப்படியில்லை. 36-ம் எண் 0.005 அங்குலம், 0000 என்பது 0.46 அங்குலம், இடையில் 39 சம விகிதப் படிகள். அதனால் ஆறு எண் இறங்கினால் விட்டம் இரட்டிப்பாகும், மூன்று எண் இறங்கினால் பரப்பு இரட்டிப்பாகும். இதை மனதில் வைத்தால் பாதி அட்டவணை தேவையில்லை.

ஸ்டோர்ஸ்_பதிவேடு எழுதியது:

//0.559, 0.511// வித்தியாசம் 0.05 தானே? வைண்டிங்கில் இதை மாற்றிப் போட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

காயில்கம்பி எழுதியது:

விட்டத்தைப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும், பரப்பைப் பாருங்கள். 24 எஸ்.டபிள்யூ.ஜி. 0.245 ச.மி.மீ., 24 ஏ.டபிள்யூ.ஜி. 0.205. ஆறில் ஒரு பங்கு செம்பு காணாமல் போகிறது, மின்தடை 20 சதவீதம் ஏறுகிறது. அதே ஆம்பியர் ஓடினால் காயிலில் சூடும் 20 சதவீதம் கூடுதல். காற்றோட்டம் குறைந்த மோட்டாரில் இது இன்சுலேஷன் ஆயுளை நேராக அடிக்கும்.

பழைய காயிலை அளக்கும்போது எனாமலைச் சேர்த்து அளந்துவிடுவது இன்னும் அதிகம் நடக்கிறது. 24 கம்பியின் மேல் எனாமல் ஏறக்குறைய 0.05 சேர்க்கும், மைக்ரோமீட்டர் 0.61 காட்டும். அட்டவணையில் 0.610 எதுவென்று பார்த்தால் 23 எஸ்.டபிள்யூ.ஜி.! அதை வாங்கிச் சுற்றினால் கடைசிச் சில சுற்றுகள் மோட்டாரின் ஸ்லாட்டில் (கம்பி உட்காரும் பள்ளத்தில்) இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்கினால் எனாமல் உரிந்து சுற்றுக்குச் சுற்று ஷார்ட். கம்பி நுனியைத் தீயில் லேசாகக் காட்டி, எனாமல் கருகியதும் துணியால் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். எமரித்தாளால் தேய்த்தால் செம்பும் போய்விடும். ஒரே இடத்தில் அளக்காமல், கம்பியைச் சுழற்றி மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். பழைய கம்பி இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கும்.

கடையில் 21 இல்லை, 24-ஐ இரட்டையாகப் போடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. 21-ன் பரப்பு 0.519, இரண்டு 24 சேர்ந்தால் 0.49. ஐந்தரை சதவீதம் குறைவு. ஒரு 23, ஒரு 24 சேர்த்தால் 0.537, பரப்புக்குக் குறை வராது. ஆனால் இரட்டைக் கம்பிக்கு ஸ்லாட்டில் இடம் கூடுதலாக வேண்டும், முதலில் அதைப் பாருங்கள்.

மெயின்போர்டு எழுதியது:

வீட்டு ஒயரிங்கில் "மூணு இருபது", "ஏழு இருபது" என்று இன்றும் சொல்கிறார்களே, அதிலும் ஒளிந்திருப்பது இந்த எஸ்.டபிள்யூ.ஜி.தான். 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று இழை. ஒரு இழை 0.657 ச.மி.மீ., ஆக 3/20 = 1.97, 7/20 = 4.6, 3/22 = 1.19. இப்போது கடையில் கிடைப்பது 1, 1.5, 2.5, 4, 6 ச.மி.மீ. "ஏழு இருபது கொடுங்க" என்றால் 4-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். அது பழையதைவிடச் சிறியது. ஏற்கெனவே லோடு விளிம்பில் இருக்கும் ஏ.சி. லைனுக்கு 6-ஆகவே கேட்டு வாங்குங்கள்.

தகடுமடக்கி எழுதியது:

ஷீட்டுக்கு வருகிறேன். இங்கேதான் காசு போகும் இடம்.

24 கேஜ் ஷீட் என்று எழுதினால் வியாபாரி எந்த அட்டவணையையும் பிடித்துக்கொள்ளலாம். எஸ்.டபிள்யூ.ஜி. என்றால் 0.559. அமெரிக்க அட்டவணையில் சாதா இரும்புத் தகடு 0.607, கால்வனைஸ்டு 0.701, ஸ்டெயின்லெஸ் 0.635. அலுமினியத்துக்கு அவர்கள் கம்பி அட்டவணையையே எடுத்துக்கொள்வதால் 0.511. ஒரே நாட்டில், ஒரே எண்ணுக்கு, உலோகம் மாறினால் தடிமனும் மாறுகிறது. வரைபடம் அமெரிக்காவிலிருந்து வந்து, தகடு உள்ளூரில் வாங்கினால் முட்டிக்கொள்ளும்.

நடைமுறையில் நம் சந்தையில் "24" என்று கேட்டால் 0.5 மி.மீ. தகடுதான் அதிகம் வரும். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் தராசு போதும்:

நீளம் (மீ) × அகலம் (மீ) × தடிமன் (மி.மீ.) × 7.85 = கிலோ

8×4 அடி ஷீட்டின் பரப்பு 2.973 ச.மீ. ஆக 0.5 மி.மீ. ஷீட் 11.7 கிலோ, 0.559 என்றால் 13 கிலோ, 0.701 என்றால் 16.4 கிலோ. கிலோ விலைக்கு வாங்கினால் மெலிந்த தகட்டால் உங்களுக்குப் பண நட்டமில்லை, உறுதிதான் குறையும். ஷீட் கணக்கில் விலை பேசினால் இரண்டும் போச்சு.

மைக்ரோமீட்டரால் அளப்பதானால் ஓரத்தில் வைக்காதீர்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும், 0.05 கூடக் காட்டும். இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி அளங்கள். ஜி.ஐ. ஷீட்டில் துத்தநாகப் பூச்சும் சேர்ந்தே அளவில் வரும். 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) பூச்சு என்பது இரு பக்கமும் சேர்த்து, கிட்டத்தட்ட 0.017 மி.மீ. பெரிய விஷயமில்லை. ஆனால் கலர் கூரை ஷீட்டில் பெயிண்டும் ஏறுவதால் டி.சி.டி., பி.எம்.டி. என்று இரண்டு அளவு சொல்வார்கள். முன்னது பூச்சோடு மொத்தத் தடிமன், பின்னது உள்ளே இருக்கும் வெறும் இரும்பு. இரண்டுக்கும் 0.05 வரை வித்தியாசம் வரும். காற்றைத் தாங்குவது பி.எம்.டி.தான், ஆர்டரில் அதை எழுதச் சொல்லுங்கள்.

வார்டு_இரவுப்பணி எழுதியது:

ஊசியைப் பற்றி ஒன்று. "24ஜி" என்று மட்டும் எழுதினால் ஸ்டோரில் இரண்டு வேறு பொருள் வந்து நிற்கும்: சிரிஞ்சில் மாட்டும் ஊசி, நரம்பில் விட்டு வைக்கும் கேனுலா. 24ஜி ஊசியின் வெளிவிட்டம் 0.57 என்று மேலே சொன்னது சரி. 24ஜி கேனுலாவில் உடம்புக்குள் தங்குவது ஊசியின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் குழாய். அதன் வெளிவிட்டம் சுமார் 0.7.

இதைவிடச் சிக்கல் நிறம். இரண்டுக்கும் தனித்தனிச் சர்வதேச நிறப் பட்டியல். ஊசியில் பிங்க் என்றால் 18, கேனுலாவில் பிங்க் என்றால் 20. ஊசியில் மஞ்சள் 20, கேனுலாவில் மஞ்சள் 24. ஊசியில் நீலம் 23, கேனுலாவில் நீலம் 22. பச்சை ஊசி 21, பச்சை கேனுலா 18. "மஞ்சள் ஒரு பாக்ஸ்" என்று போனில் சொல்லி ஆர்டர் போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

விட்டத்தில் சின்ன மாற்றம் ஓட்டத்தில் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் மெல்லிய குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தயாரிப்பாளர் குறிப்புகளில் 24ஜி கேனுலாவுக்கு நிமிடத்துக்கு 20 மி.லி. அளவிலும், 18ஜி-க்கு 90-க்கு மேலும் இருக்கும். விபத்தில் ரத்தம் ஏற்ற வேண்டிய ஆளுக்கு மஞ்சளைப் போட்டுவிட்டுப் பையை எவ்வளவு அழுத்தினாலும் பலன் குறைவு. ரத்த தானத்துக்கு 16 அல்லது 17 எடுப்பதும் இதனால்தான்.

ஒரே வார்டில் தலைகீழ் அளவும் உண்டு. சிறுநீர்க் குழாய்க்குப் ஃபிரெஞ்ச் எண். அதில் எண் கூடினால் தடிமன், 3 எண்ணுக்கு ஒரு மி.மீ.

டயா30 எழுதியது:

திருப்பூர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிட்டிங்கில் 24 கேஜ் என்பது தடிமனே இல்லை, ஒரு அங்குலத்தில் எத்தனை ஊசி என்ற எண்ணிக்கை. மி.மீ. கட்டமே இதற்குப் பொருந்தாது. 30 டயா (30 அங்குல விட்டம்) 24 கேஜ் மெஷின் என்றால் 30 × 3.1416 × 24 = 2262 ஊசி. மெஷின் தகட்டில் 2256 மாதிரி சற்றே மாறிய எண் இருக்கும். புரொடக்‌ஷன் கணக்குக்குத் தகட்டில் இருப்பதையே எடுங்கள்.

சிங்கிள் ஜெர்சியில் (சாதா டி-ஷர்ட் துணி) 24 கேஜுக்கு 30-ஆம் நம்பர் நூல், 28 கேஜுக்கு 40-ஆம் நம்பர், 20 கேஜுக்கு 20 முதல் 24 வரை என்பது வழக்கம். (நூல் நம்பரும் கூடக் கூட மெலிசு.) 28 கேஜில் 20-ஆம் நம்பரைத் திணித்தால் ஊசிக் கொக்கிக்குள் நூல் உட்காராது, கொக்கி உடையும், துணியில் ஓட்டை விழும், ஊசிக்கோடு தெரியும். 24 கேஜில் 40-ஐ ஓட்டினால் மெஷின் முனகாமல் ஓடும், துணிதான் வலை மாதிரி வரும். ஜி.எஸ்.எம். விழும், துவைத்ததும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். லூப் நீளத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் போனால் நூல் அறும்.

கேஜ் மாற்றுவது என்றால் சிலிண்டர், ஊசி, சிங்கர் (ஊசிகளுக்கு இடையே துணியைப் பிடிக்கும் தகடு), சிங்கர் ரிங் எல்லாம் மாறும். ஊசியை மட்டும் மாற்றித் தரேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தையல் பகுதியில் இன்னொரு கேஜ். ஃபிளாட்லாக் மெஷினில் வெளி ஊசிக்கும் வெளி ஊசிக்கும் இடையே உள்ள தூரம், 5.6 அல்லது 6.4 மி.மீ. ஊசி கிளாம்ப், பிளேட், ஃபீட் டாக், பிரஷர் ஃபுட் சேர்ந்ததுதான் "கேஜ் செட்". 5.6 பிளேட்டில் 6.4 கிளாம்ப்பைப் போட்டால் முதல் தையலிலேயே ஊசி பிளேட்டில் இடித்து முறியும்.

ஸ்டோர்ஸ்_பதிவேடு எழுதியது:

பட்டியலில் பேக்கிங் பாலித்தீனும் இருக்கிறது டயா30 அண்ணே, "200 கேஜ்" என்று. கம்பிக் கணக்கில் பார்த்தால் கண்ணுக்கே தெரியக் கூடாதே!

தகடுமடக்கி எழுதியது:

பாலித்தீனில் எண் கூடினால் தடிமன். 100 கேஜ் = ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு = 25.4 மைக்ரான். 200 கேஜ் 50 மைக்ரான், பசுமைக்குடில் ஃபிலிம் 200 மைக்ரான் என்றால் ஏறக்குறைய 800 கேஜ். 2022 கடைசியிலிருந்து கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்ற மத்திய விதியைக் கேஜில் சொன்னால் 470-க்குச் சற்று மேல். உங்கள் 24-ஐ இதில் போட்டால் 6 மைக்ரான்.

ஒரு மடிப்பை மைக்ரோமீட்டரில் வைத்தால் துல்லியம் போதாது. எட்டு மடிப்பாக மடித்து, காற்றை வழித்துவிட்டு அளந்து எட்டால் வகுங்கள். பையாக இருந்தால் அது ஏற்கெனவே இரண்டு படலம் என்பதை மறக்கக் கூடாது.

தண்டவாளம்1676 எழுதியது:

பிராட் கேஜ், மீட்டர் கேஜ் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிராட் கேஜ் 1676 மி.மீ., மீட்டர் கேஜ் 1000, நேரோ கேஜ் 762, 610. சென்னை மெட்ரோ 1435, ஆனால் அதே ஊரின் பறக்கும் ரயில் 1676. மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஊட்டி வண்டிக்கு மாறுவது இதனால்தான், நீலகிரி மலை ரயில் 1000.

அளக்கும் இடம் முக்கியம். தண்டவாளத்தின் மையத்துக்கு மையம் அல்ல, உள்முகத்திலிருந்து உள்முகம், அதுவும் தலைப்பரப்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு கீழே, சக்கர விளிம்பு உரசும் மட்டத்தில். பிராட் கேஜ் சக்கரங்களின் உள்முக இடைவெளி 1600, மீதிதான் விளிம்புகளுக்கும் ஆட்டத்துக்கும். வளைவில் தண்டவாளத் தலை தேயத் தேயக் கேஜ் விரியும், ஸ்லீப்பர் பிடிப்பும் தளர்ந்தால் சக்கரம் உள்ளே விழும்.

"லோடிங் கேஜ்" வேறு. அது வண்டியின் உயர அகல எல்லை.

கொதிகலன்_வால்வு எழுதியது:

பிரஷர் கேஜ் யாரும் சொல்லவில்லையே. அங்கே கருவிக்குப் பெயர் கேஜ், அது காட்டும் அழுத்தத்துக்கும் "கேஜ் பிரஷர்" என்றே பெயர்: சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பது. டயரில் 32 பி.எஸ்.ஐ. என்றால் உண்மையில் உள்ளே 46.7. டயர் 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடானால் எவ்வளவு ஏறும்? 32-ஐ நேராக 330/300-ஆல் பெருக்கினால் 35.2 வரும், தவறு. 46.7-ஐப் பெருக்கி 14.7-ஐக் கழித்தால் 36.7. கம்ப்ரசர் டேங்க் கணக்கிலும் இதே தவறைப் பார்க்கலாம், 7 பார் காட்டும் டேங்கில் காற்று எட்டு மடங்கு அடைந்திருக்கிறது.

வாங்கும்போது வேலை அழுத்தம் முள் வட்டத்தின் நடுப்பகுதியில் விழும்படி எடுங்கள். 7 பார் லைனுக்கு 10 அல்லது 16 பார் கேஜ் சரி, 40 பார் கேஜ் போட்டால் ஒரு பார் ஏற்ற இறக்கம் கண்ணில் படாது. அதிர்வு உள்ள பம்பில் கிளிசரின் நிரப்பியது. நீராவியில் கட்டாயம் வளைந்த சைஃபன் குழாய், அதில் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். நீராவி நேராக உள்ளே போனால் போர்டான் குழாய் (முள்ளை அசைக்கும் வளைந்த குழாய்) சூட்டில் தளர்ந்து, லைன் நின்ற பிறகும் முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. அந்தக் கேஜைக் கழற்றிப் போடுங்கள், முள்ளை மட்டும் திருப்பி வைத்து ஓட்டாதீர்கள்.

ஃபிட்டர்_வைஸ் எழுதியது:

மெஷின் ஷாப் கேஜ் இன்னொரு ரகம். துளையைச் சோதிக்கும் பிளக் கேஜ் அளவு சொல்லாது, ஏற்பு மறுப்பு மட்டும். 20 எச்7 துளைக்கு (20 மி.மீ., எச்7 என்பது அனுமதி அளவு வகை) எல்லை 20.000 முதல் 20.021. கோ முனை 20.000, நுழைய வேண்டும். நோ-கோ 20.021, நுழையக் கூடாது. கோ முனை நீளமாக முழு வடிவில் இருப்பது துளையின் வளைவையும் பிடிக்க. நோ-கோ குட்டையாக இருப்பது வழக்கம். பிளக்கைத் தள்ளி ஏற்றினால் அளவு கெடும், தன் எடையில் இறங்க வேண்டும்.

ஸ்லிப் கேஜ் (துல்லிய நீளமுள்ள எஃகு பிளாக்) வைத்திருப்பவர்கள், அதில் எழுதிய நீளம் 20 டிகிரியில்தான் சரி என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் 30 டிகிரியில் 100 மி.மீ. எஃகு பிளாக் 11 மைக்ரானுக்கு மேல் நீண்டிருக்கும். பாகமும் எஃகாக இருந்து, இரண்டும் ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் பக்கத்தில் கிடந்தால் பாதகமில்லை. பாகம் அலுமினியம் என்றால் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

சர்வர்_முள் எழுதியது:

மென்பொருள் பக்கமும் இந்தப் பெயர் உண்டு, ஸ்டோர் கணினிக்காரருக்குப் பயன்படும். பிரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஏறி இறங்கும் மதிப்பு கேஜ், ஏறிக்கொண்டே போவது கவுண்டர். கையிருப்பு கேஜ், மொத்த விநியோகம் கவுண்டர். கேஜ் மேல் ரேட் ஃபங்ஷனைப் போட்டால், மதிப்பு இறங்கும் ஒவ்வொரு முறையும் கவுண்டர் மீண்டும் பூஜ்ஜியமானதாக எடுத்துக்கொண்டு இல்லாத ஏற்றத்தைக் காட்டும். கேஜுக்கு டெல்டா ஃபங்ஷன்தான் சரி.

இயற்பியலில் வரும் கேஜ் கோட்பாட்டுக்கும் வேர் அளவுகோல்தான். ஹெர்மன் வைல் 1918-ல் இடத்துக்கு இடம் நீள அளவையே மாற்றலாம் என்று எண்ணி வைத்த பெயர். அந்த எண்ணம் நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது.

மட்டுறுத்துநர்:

இயற்பியலுக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே பட்டியலோடு நிற்போம்.

ஸ்டோர்ஸ்_பதிவேடு எழுதியது:

சரி, "கேஜ்" கட்டத்தை எடுத்துவிட்டு மி.மீ., மைக்ரான், ச.மி.மீ. என்று பொருளுக்கேற்ற அலகு போடச் சொல்கிறேன். பழைய எண் குறிப்பில் இருக்கும். கடைசியாக ஒன்று: வேலிக்கு "பி.வி.சி. செயின் லிங்க் 10 கேஜ்", "முள்கம்பி 12×14". இது எந்த அட்டவணை?

தகடுமடக்கி எழுதியது:

இரண்டும் எஸ்.டபிள்யூ.ஜி. முள்கம்பியில் 12 என்பது ஓடுகம்பி, 2.64 மி.மீ. 14 என்பது முள், 2.03 மி.மீ.

பி.வி.சி. வேலியில் 10 கேஜ் என்றால் 3.25 மி.மீ. ஆனால் அது பிளாஸ்டிக்கோடா, உள்கம்பி மட்டுமா என்று எழுதி வாங்குங்கள். உள்ளே 12 கேஜைப் போட்டுப் பூச்சால் 10 ஆக்குவது உண்டு. நுனியில் பூச்சைச் சீவிவிட்டு வெர்னியர் வைத்தால் தெரியும். சீவ முடியாவிட்டால் ஒரு மீட்டர் கம்பியை வெட்டி நகைத் தராசில் வையுங்கள். வெறும் இரும்பு 10 கேஜ் மீட்டருக்கு 65 கிராம், 12 கேஜ் 43 கிராம். பூச்சு கிராம் கணக்கில்தான் சேரும், அதனால் 50-க்குக் கீழே நின்றால் லாரியை இறக்க விடாதீர்கள்.